பெர்ல் டிபக்கரில் வரும் டெர்மினல் எச்சரிக்கைகள்: கேள்வி பதில்

கேள்வி: பெர்ல் மொழி நிரலை மைனஸ் டி போட்டு, அதாவது பிழை தேடும் டிபக்கரில், ஓட்டுகிறேன். மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை வராமல் குப்பை எழுத்துகள் விழுகின்றன. டிபக்கர் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. டிபக்கரில் நீங்கள் தட்டும் வரியை வாங்கும் டெர்ம்::ரீட்லைன் மாட்யூல் வெறும் முகப்புதான். உண்மையான வேலையைச் செய்ய அதன் பின்னால் டெர்ம்::ரீட்லைன்::க்னூ அல்லது டெர்ம்::ரீட்லைன்::பெர்ல் போன்ற ஒரு மாட்யூல் வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் பெர்லோடு வரும் ஸ்டப் என்ற எளிய மாற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு அம்புக்குறியும் தெரியாது, ஹிஸ்டரியும் (பழைய கட்டளைகளின் பட்டியல்) தெரியாது. எந்த டெர்மினல் புகார் வந்தாலும் முதலில் எது ஏறியிருக்கிறது என்று பாருங்கள்: டிபக்கருக்குள்ளேயே, டிபி பேக்கேஜில் இருக்கும் டெர்ம் மாறியின் ரீட்லைன் மெத்தடை 'பி' கட்டளையால் அச்சிட்டால் பெயர் வந்துவிடும்.

ஸ்டப் என்று வந்தால், உபுண்டுவிலும் டெபியனிலும் லிப்டெர்ம்-ரீட்லைன்-க்னூ-பெர்ல் பேக்கேஜை நிறுவினால் போதும். ஆனால் அது சிஸ்டம் பெர்லுக்கு மட்டும்தான். பெர்ல்ப்ரூ (தனிப் பெர்ல் பதிப்புகளை நிறுவும் கருவி) வழியாக வேறு பெர்ல் வைத்திருப்பவர்கள், பெர்ல் மாட்யூல்களின் இணையக் களஞ்சியமான சிபானிலிருந்துதான் நிறுவ வேண்டும். அதற்கு முன் ரீட்லைன் நூலகத்தின் டெவ் பேக்கேஜ் இருக்க வேண்டும்.

கேள்வி: விண்டோஸில் 'டெர்ம்கேப் கிடைக்கவில்லை, டெர்ம் அமைக்கப்படவில்லை' என்று எச்சரிக்கை வருகிறது.

பதில்: ப்ராம்ப்டுக்கு அடிக்கோடு போடும் அலங்காரத்துக்காகத்தான் டெர்ம்::ரீட்லைன், டெர்மினலின் திறன்களைச் சொல்லும் டெர்ம்கேப்பைத் தேடுகிறது. பெர்ல்_ஆர்எல் சூழல் மாறியில் முதலில் ஓர் இடைவெளி, அப்புறம் அலங்காரத்தை நிறுத்தும் 'ஓ=0' என்று வையுங்கள். அந்த இடைவெளியை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் 'ஓ=0' என்பதையே மாட்யூல் பெயராக எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: 'டெர்மினல் அளவு கிடைக்கவில்லை' என்று டெர்ம்::ரீட்கீ மாட்யூல் சொல்கிறதே?

பதில்: அது முதலில் கெர்னலிடம் கேட்கும், பிறகு காலம்ஸ், லைன்ஸ் என்ற சூழல் மாறிகளைப் பார்க்கும், கடைசியாக ரீசைஸ் நிரலை ஓட்டிப் பார்க்கும். எடிட்டருக்குள்ளிருந்தோ பைப் வழியாகவோ ஓட்டும்போது மூன்றுமே கைவிடலாம். பாஷில் எக்கோ செய்தால் காலம்ஸ் மதிப்பு தெரியும், ஆனால் எக்ஸ்போர்ட் செய்யாதவரை பெர்லுக்கு அது போய்ச் சேராது. இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்தால் சரியாகிவிடும்.

கேள்வி: என் நிரலே ரீட்லைன் பயன்படுத்துகிறது. டிபக்கரோடு மோதுகிறது.

பதில்: டிபக்கரின் அமைப்புகளுக்கான பெர்ல்டிபி_ஆப்ட்ஸ் சூழல் மாறியில் 'ரீட்லைன்=0' என்று கொடுங்கள். இந்த வசதி அதற்காகவே இருக்கிறது.

கேள்வி: எல்லா எச்சரிக்கையையும் டெவ்நல்லுக்கு (வருவதையெல்லாம் விழுங்கிவிடும் இடம்) அனுப்பிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உங்கள் நிரல் தரும் எச்சரிக்கைகளும் அதோடு சேர்ந்து போய்விடும். அவற்றைப் பார்க்கத்தானே டிபக்கரைத் திறந்தீர்கள்?