'ஆங்ரி'க்குப் பின்னால் 'ஆன்' போட்டால் ஏன் தப்பு? 'வித்', 'அபவுட்', 'ஆஃப்', 'ஃபார்' எதை எங்கே போடுவது?

பிளஸ் டூ படிக்கும் மகள் 'ஐ ஆம் ஆங்ரி ஆன் மை பிரதர்' என்று எழுதினாள், மன்னார்குடிப் பள்ளியில் ஆசிரியர் அதைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் நம்முடைய 'மேல்'தான். தம்பி மேல் கோபம், பேத்தி மேல் பாசம், பக்கத்து வயல்காரர் மேல் பொறாமை என எல்லாவற்றுக்கும் நமக்கு அது ஒன்றே போதும். அதை அப்படியே 'ஆன்' ஆக்கினால் மூன்று இடத்திலும் தப்பு. ஆங்ரி வித், ஃபாண்ட் ஆஃப், ஜெலஸ் ஆஃப் என்றுதான் வர வேண்டும். பள்ளிப் பாடத்தில் வருகிற உணர்ச்சிச் சொற்களில் 'ஆன்' கேட்பது அநேகமாக 'கீன்' ஒன்றுதான் (கீன் ஆன் கிரிக்கெட்). மற்ற இடத்தில் கை தானாக 'ஆன்' எழுதியிருந்தால் அங்கே நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கோபத்தில் ஆள் வேறு, விஷயம் வேறு. ஆளுக்கு 'வித்', விஷயத்துக்கு 'அபவுட்' அல்லது 'அட்'. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் திருப்பினால், விவசாயி 'ஆங்ரி வித் தி கிளார்க்'. நாலு நாள் காத்துக் கிடந்ததற்கு 'ஆங்ரி அபவுட் தி டிலே'. ஆளையும் அவர் செய்ததையும் சேர்த்துச் சொல்ல 'ஆங்ரி வித் தி கிளார்க் ஃபார் ரிஜெக்டிங் தி பேடி'. 'ஆங்ரி அட் ஹிம்' என்று அமெரிக்கர்கள் தாராளமாகச் சொல்வார்கள், அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனாலும் பரீட்சைத் தாளில் 'வித்' எழுதுவதே பத்திரம்.

'ஆஃப்' கேட்கிற கூட்டம் பெரியது: அஃப்ரெய்ட், ஸ்கேர்ட், ப்ரவுட், அஷேம்ட், ஃபாண்ட், ஜெலஸ். இவற்றுக்குக் காரணம் தேடிப் பயனில்லை, சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். 'டயர்ட்' மட்டும் இரண்டு பக்கமும் போகும். 'டயர்ட் ஆஃப் டிரான்ஸ்பிளான்டிங்' என்றால் நடவு வேலையே சலித்துவிட்டது. 'டயர்ட் ஃப்ரம் டிரான்ஸ்பிளான்டிங்' என்றால் நாற்று நட்டு இடுப்பு ஒடிந்துவிட்டது, நாளைக்குச் சரியாகிவிடும்.

உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது 'ஃபார்'. வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், பொருள் மட்டும் தலைகீழாகிவிடும். புயல் நேரத்தில் நாகப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போனவர்களை நினைத்துப் பதறுகிறோம் என்றால் 'அஃப்ரெய்ட் ஃபார் தி ஃபிஷர்மென்'. அங்கே 'ஆஃப்' போட்டால் மீனவர்களைக் கண்டே நாம் நடுங்குவதாக ஆகிவிடும். 'ஹாப்பி'யும் இப்படித்தான். விளைச்சல் திருப்தி என்றால் 'ஹாப்பி வித் தி ஈல்ட்'. ஜூன் 12-ஆம் தேதியே மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்ற சந்தோஷத்துக்கு 'ஹாப்பி அபவுட்'. தோழிக்கு வேலை கிடைத்து, அவளுக்காக நாம் மகிழ்ந்தால் 'ஹாப்பி ஃபார் ஹர்'. 'ஐ ஆம் ஹாப்பி ஃபார் மை மார்க்ஸ்' என்று பிள்ளைகள் எழுதுவது இந்த வித்தியாசம் தெரியாமல்தான். மார்க்குக்கு 'வித்' போதும். ஒருவரைப் பார்த்து இரக்கப்பட்டால் 'சாரி ஃபார் ஹிம்', நடந்ததற்கு வருத்தம் சொன்னால் 'சாரி அபவுட் தி டிலே'.

'எட்' என்று முடிகிற சொற்களில் 'பை' எட்டிப் பார்க்கும். 'ஃப்ரைட்டன்ட் ஆஃப் டாக்ஸ்' என்பது நாய் என்றாலே பயப்படுகிற சுபாவம். 'ஃப்ரைட்டன்ட் பை எ டாக்' என்பது நேற்றுச் சாயங்காலம் ஒரு நாய் பாய்ந்து வந்து பயமுறுத்திய சம்பவம். 'சர்ப்ரைஸ்ட்', 'ஷாக்ட்' இரண்டும் 'அட்', 'பை' எதையும் ஏற்கும், அங்கே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சலிப்பைச் சொல்லும் 'போர்ட்' சொல்லுக்கு 'ஆஃப்' இப்போது எங்கும் புழங்குகிறது, திருத்துகிறவர்களில் சிலருக்கு இன்னும் பிடிக்காது. எனவே 'வித்' எழுதலாம்.

சரியான முன்னிடைச்சொல்லை ('வித்', 'ஆஃப்' போன்ற ப்ரெபொசிஷனை) போட்ட பிறகும் மார்க் போகிற இடங்கள் உண்டு. அதற்குப் பின் வினை வந்தால் 'இங்' கட்டாயம்: 'அஃப்ரெய்ட் ஆஃப் லூசிங் தி கிராப்'. 'ஆஃப் லூஸ்' கிடையாது. 'தட்' என்று முழு வாக்கியம் தொடங்கினால் முன்னிடைச்சொல் விழுந்துவிடும்: 'வொரீட் தட் தி வாட்டர் வில் நாட் ரீச் தி டெயில் எண்ட்'. கடைமடைக்குத் தண்ணீர் வராதோ என்ற அந்தக் கவலையை 'வொரீட் அபவுட் தட் தி வாட்டர்...' என்று எழுதினால் தப்பு. எதைப் போடுவதென்று பரீட்சையில் நினைவு வராவிட்டால், வாக்கியத்தை 'தட்' பக்கம் திருப்பிவிடுவது நல்ல தந்திரம்.

கேள்வியில் இதற்கு நேர் எதிர். நாம் 'எதைக் கண்டு' என்று முன்னாலேயே முடித்துவிடுவதால், ஆங்கிலக் கேள்வியின் கடைசியில் வர வேண்டியது காணாமல் போகும். 'வாட் ஆர் யூ அஃப்ரெய்ட்?' என்று நிறுத்தக் கூடாது, 'வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?' என்று முடிய வேண்டும். 'ஹூ ஆர் யூ ஆங்ரி வித்?' கேள்வியும் அப்படியே.

நோட்டில் எழுதும்போது 'ப்ரவுட் – பெருமை' என்று எழுதவிடாதீர்கள். 'ப்ரவுட் ஆஃப் மை ஸ்கூல்' என்று துண்டாக எழுதட்டும். சந்தேகம் வந்தால், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தொகுத்த லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைப் புரட்டுங்கள். ஆங்கிலம்-தமிழ் அகராதிகளில் பெரும்பாலும் கிடைக்காத இந்தச் சேர்க்கை, அதில் சொல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.