கேமரா மெனு தலைய சுத்துது, கைடு புக் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். பொண்ணுக்கு அரங்கேற்றம் வருது, அத நாமளே படம் எடுக்கணும்னு சோனி ஏ6400 வாங்கிட்டேன். டப்பாக்குள்ள ஒரு சின்ன கைடுதான் இருந்துச்சு, பேட்டரி எப்படி போடறது கார்டு எப்படி போடறதுங்கறத தாண்டி அதுல பெருசா ஒண்ணும் இல்ல. மெனுவ தொறந்தா முதல் டேப்லயே பத்து பக்கத்துக்கு மேல ஓடுது, பாதி பேரு சுருக்கெழுத்து. ஆன்லைன்ல இந்த மாடலுக்குன்னே தடி தடியா இங்கிலீஷ் கைடு புக் நாலஞ்சு காட்டுது, வெலையும் கம்மியில்ல. வாங்கலாமா, இல்ல காசுக்கு கேடா? (மதுரை வாசகர்)

பதில்: வாங்கலாம் சார், ஆனா அதுக்கு முன்னாடி சும்மா கெடைக்கறத எடுத்து வச்சுக்கோங்க. டப்பால இருக்கறது வெறும் ஆரம்ப கைடு. முழு மேனுவல சோனிகாரங்க ஹெல்ப் கைடுன்னு பேரு வச்சு அவங்க சப்போர்ட் சைட்லயே ஃப்ரீயா போட்டிருக்காங்க, ஐஎல்சிஇ-6400னு தேடினா வந்துடும், போன்லயே படிக்கலாம். இத ஏன் மொதல்ல சொல்றேன்னா, விக்கற கைடு புக்குல பாதிக்கு மேல இந்த மேனுவலையே வேற வார்த்தைல திருப்பி எழுதினதுதான், மெனுல என்ன வரிசைல இருக்கோ அதே வரிசைல ஒண்ணு ஒண்ணா சொல்லிட்டு போவாங்க, ஆன் பண்ணா ஆன் ஆகும் ஆஃப் பண்ணா ஆஃப் ஆகும்ங்கற ரேஞ்சுல. அதுக்கு எதுக்கு தண்டம் அழணும்?

காசு குடுத்து வாங்கற புக்கு சொல்ல வேண்டியது வேற. உங்க கேஸையே எடுத்துக்குவோம். மெனுல ஐஎஸ்ஓ ஆட்டோ மின் எஸ்எஸ்னு ஒரு ஐட்டம் இருக்கு (ஐஎஸ்ஓன்னா கேமரா வெளிச்சத்த எவ்ளோ தூக்கி காட்டணும்ங்கற அளவு, எஸ்எஸ்னா ஷட்டர் ஸ்பீடு, அதாவது ஷட்டர் எவ்ளோ வேகமா தொறந்து மூடுதுங்கறது). ஐஎஸ்ஓ ஆட்டோல இருக்கும்போது எந்த ஷட்டர் ஸ்பீடுக்கு கீழ போக விடாம ஐஎஸ்ஓவ ஏத்தணும்னு முடிவு பண்றதுன்னு மேனுவல் சொல்லும், அது தப்பே இல்ல, ஆனா அத படிச்சுட்டு அரங்கேற்றத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு யாருக்கு தோணும் சொல்லுங்க. நல்ல கைடு எழுதறவர் இந்த எடத்துலதான் நிக்கணும். நீங்க ஏ மோடுல (அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் தொறப்ப மட்டும் நீங்க வச்சு, ஷட்டர் ஸ்பீட கேமராகிட்ட விடற மோடு) வச்சு எடுத்தா கேமரா லென்ஸோட ஃபோக்கல் லெங்த்த (எவ்ளோ ஜூம்ங்கறத) பாத்து தானா ஒரு ஸ்பீட பிடிச்சுக்கும், அது உங்க கை ஆடாம இருக்கறதுக்கு போதும், ஆடற பொண்ணோட கைக்கு போதாது, முகம் தெளிவா இருக்கும் ஹஸ்தம் மட்டும் கரைஞ்சு போயிருக்கும். இந்த ஐட்டத்துல 1/250னு வச்சுட்டா அந்த பிரச்சனை போயிடும், பதிலுக்கு ஐஎஸ்ஓ ஏறி படத்துல கொஞ்சம் நாய்ஸ் (பொடி பொடியா புள்ளி) வரும், அது பரவால்ல. எப்போ, எதுக்கு, பதிலுக்கு என்ன போகும், இந்த மூணையும் சொல்ற புக்குக்கு காசு குடுங்க.

அதே மாதிரிதான் சைலன்ட் ஷூட்டிங். சபால டிக் டிக்னு சத்தம் வரக்கூடாதேன்னு எல்லாரும் நல்ல மனசோட அத ஆன் பண்ணிடுவாங்க. அது எலக்ட்ரானிக் ஷட்டர், எல்இடி லைட் போட்ட மேடைல படம் பூரா குறுக்கால கோடு கோடா விழ வாய்ப்பு இருக்கு, வேகமா சுத்தற ஆளு லேசா சாஞ்சு வேற தெரியும். ஒரிஜினல் ப்ரோக்ராமுக்கு முன்னாடி ரிகர்சல்ல, அதே ஹால்ல அதே லைட்ல நாலு படம் எடுத்து பெருசாக்கி பாத்துடுங்க.

அதனால புக்க எப்படி சோதிக்கறதுன்னா, உங்களுக்கு நெஜமாவே சிக்கின ரெண்டு செட்டிங்க மனசுல வச்சுக்கோங்க. கிண்டில்ல பெரும்பாலும் ஃப்ரீ சாம்பிள் இருக்கும், எறக்கி பாருங்க. சாம்பிள்ல முன்னுரையும் கேமரா எவ்ளோ அருமைங்கற புகழ்ச்சியும்தான் நெறைய இருக்கும், அத தள்ளிட்டு பொருளடக்கத்துக்கு போங்க. அதுல டான்ஸு, ஸ்டேஜு, கம்மி வெளிச்சம், கொழந்தைங்கன்னு வேலைய வச்சு தலைப்பு இருக்கா, இல்ல கேமரா செட்டிங்ஸ் ஒண்ணு, கேமரா செட்டிங்ஸ் ரெண்டுன்னு மெனு டேப் பேருதான் இருக்கான்னு பாருங்க. ரெண்டாவது வகைன்னா விட்டுடுங்க. எழுதினவரோட சொந்த செட்டிங் என்ன, ஏன்னு எங்கயாவது சொல்லியிருந்தா அது ப்ளஸ்.

இன்னொரு கூத்தும் நடக்குது, உஷாரா இருங்க. ஒரே எழுத்தாளர் பேர்ல கேமரா, பிரிண்டர், போன், வாட்ச்னு எல்லாத்துக்கும் கைடு இருக்கும், உள்ள ஒரு மெனு படம்கூட இருக்காது, ரிவ்யூவ பாத்தா எல்லாம் ஒரே மாதிரி ரெண்டு வரி. கேமராவ கைல தொடாமலே எழுதினது அதெல்லாம். ஃப்ரீ பிடிஎஃப் மேனுவல பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணி புக்குன்னு விக்கறவங்களும் உண்டு. பேப்பர்ல படிச்சாதான் மண்டைல ஏறும்னா தேவையான பக்கத்த மட்டும் பக்கத்து ஜெராக்ஸ் கடைல போட்டுக்கலாமே. அப்புறம், மேனுவல் எறக்க கிரெடிட் கார்டு நம்பர் கேக்கற சைட்டு பக்கமே போகாதீங்க.

புக்கு வந்தப்புறம் நாவல் மாதிரி மொதல்லேருந்து படிச்சீங்கன்னா நாப்பதாவது பக்கத்துல தூக்கம் வந்துடும். கேமராவ ஆன் பண்ணி மடில வச்சுக்கோங்க, ஒரு செட்டிங்க படிச்சதும் மாத்தி, ஃபேன் சுத்தறத எடுத்து பாத்து, புடிச்சிருந்தா மை மெனுல (அடிக்கடி தேவைப்படறத மட்டும் சேத்து வச்சுக்கற பக்கம்) சேத்துடுங்க. இந்த மாடல்ல மெனுவுக்கு டச் வேற வேலை செய்யாது, ஒவ்வொரு தடவையும் வட்ட பட்டன திருகி திருகி தேடணும், அதனாலதான் சொல்றேன். எஃப்என் பட்டன் அமுக்கினா வர்ற பன்னெண்டு கட்டத்தையும் உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கலாம். அரங்கேற்றத்துக்குன்னு செட் பண்ணதெல்லாம் சரியா வந்துச்சுன்னா மொத்தத்தையும் மெமரில ஏத்திட்டு, அன்னைக்கு டயல எம்ஆர்ல வச்சா போதும். ஏதாவது ஐட்டம் மங்கலா இருந்து மாத்த வரலன்னா பதறாதீங்க, அதையே செலக்ட் பண்ணி நடு பட்டன அமுக்கினா எந்த செட்டிங் தடுக்குதுன்னு கேமராவே சொல்லும். ரா ஃபார்மேட்ல (கேமரா ப்ராசஸ் பண்ணாம அப்படியே சேமிக்கற ஃபைல்) எடுக்கும்போது க்ளியர் இமேஜ் ஜூம் (லென்ஸ தாண்டி கேமராவே படத்த பெருசாக்கறது) வராது, அந்த மாதிரி விஷயம்தான் பெரும்பாலும்.

கேள்வி: இதே ஏ6400க்கு கைடு புக் தேடறேன் அண்ணா. பழைய புக்கு கடைல ஏ6300 கைடு பாதி வெலைக்கு கெடைக்குது. ரெண்டும் ஒரே ஃபேமிலிதானே, ஒத்து வருமா? (கோவை வாசகி)

பதில்: அப்பர்ச்சர், ஒயிட் பேலன்ஸ் சமாச்சாரம் எல்லாம் ஒத்து வரும்மா, ஆனா அதுக்கு எந்த கேமரா புக்கு வாங்கினாலும் போதும். நீங்க இந்த கேமராவ வாங்கினதே ஃபோக்கஸுக்காகத்தான் இருக்கும், அந்த சேப்டர்தான் உதவாது. ஏ6300 வந்தது 2016ல, அதுல கண்ணு ஃபோக்கஸுக்கு தனியா ஒரு பட்டன அமுக்கி பிடிக்கணும். 2019ல வந்த ஏ6400ல ஷட்டர பாதி அமுக்கினாலே கண்ண பிடிச்சுக்கும், நகர்ற ஆள விடாம ஃபோக்கஸ் தொடர்ந்து போறதுக்கு லாக்-ஆன்னு பழைய புக்குல இருக்கறது இதுல டிராக்கிங்னு பேரு மாறிடுச்சு. பழைய புக்க வச்சு தேடினா அந்த பேரே மெனுல கெடைக்காது.

சரியான மாடல் புக்கா இருந்தாலும் எப்போ அச்சடிச்சதுன்னு பாருங்க. நாய் பூனை கண்ண ஃபோக்கஸ் பண்றது 2019லயே பின்னாடி ஃபர்ம்வேர் (கேமராவுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர்) 2.00ல வந்தது, கேமரா ரிலீஸ் ஆனவுடனே அவசரத்துல வந்த புக்குல அது இருக்காது. உங்க கேமரால என்ன வெர்ஷன்னு செட்டப் மெனுல வெர்ஷன்ங்கற ஐட்டத்துல தெரியும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல நிக்கான் டி5300 வாங்கினேன் சார். மெனுவ தமிழ்லயே வைக்க முடியுது, சந்தோஷமா வச்சுட்டேன். இப்ப இங்கிலீஷ் கைடு புக்க பாத்து செட் பண்ணலாம்னா ஒண்ணும் பொருந்தல. என்ன பண்றது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தமிழ்ல மெனு பாக்க நல்லாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா புக்கு, வீடியோ, கடைக்காரர் எல்லாரும் பேசறது இங்கிலீஷ் பேருலதான், அதனால படிச்சு முடிக்கற வரைக்கும் செட்டப் மெனுல மொழிய இங்கிலீஷுக்கு மாத்திடுங்க, புரிஞ்சப்புறம் திரும்பி தமிழுக்கு வந்துக்கலாம், செட் பண்ணது எதுவும் அழியாது.

உங்க கேமராலயே ஒரு குட்டி கைடு ஒளிஞ்சிருக்கு, அத வேற சொல்லிடறேன். பின்னாடி பூதக்கண்ணாடில மைனஸ் போட்ட பட்டன்ல சின்னதா கேள்விக்குறி இருக்கும் பாருங்க. மெனுல ஒரு ஐட்டத்து மேல நிக்கும்போது ஸ்க்ரீன்ல கீழ இடது மூலைல கேள்விக்குறி வந்துச்சுன்னா அந்த பட்டன அமுக்குங்க, அது என்னத்துக்குன்னு ரெண்டு மூணு வரில சொல்லும். மெனு தமிழ்ல இருந்தா அந்த விளக்கத்தையும் தமிழ்லயே படிக்கலாம். செகண்ட் ஹேண்டுங்கறதால இன்னொண்ணு, புக்கு பிரிக்கறதுக்கு முன்னாடி ஷூட்டிங் மெனு, கஸ்டம் மெனு ரெண்டையும் ரீசெட் பண்ணிடுங்க. முன்னாடி வச்சிருந்தவர் எந்த பட்டனுக்கு என்ன வேலை குடுத்து வச்சாரோ யாருக்கு தெரியும், அது அப்படியே இருந்தா புக்குல இருக்கறது ஒண்ணு, உங்க கேமரா பண்றது ஒண்ணுன்னு ஆயிடும்.