சங்கச் சந்தா கட்டுகிறோம், வேலை போனால் காசு வருமா?

கேள்வி: டென்மார்க், ஹெர்னிங்கில் இருக்கிறோம். மனைவி துப்புரவு நிறுவனமொன்றில் 7 வருடமாக வேலை செய்கிறா. மாதாமாதம் யூனியனுக்குச் சந்தா போகிறது. அடுத்த மாதத்தோடு வேலை முடிகிறது. காசு கிடைக்குமா? 1,500 குரோனர் தந்தால் எல்லாம் தான் பார்ப்பதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார்.

பதில்: காசு தருவது யூனியன் அல்ல, ஆ-கசே என்கிற வேலையிழப்புக் காப்புறுதி நிதி. 1907இல் டேனிஷ் அரசு இதைச் சட்டமாக்கியபோது தானே அலுவலகம் திறக்கவில்லை. தொழிற்சங்கங்கள் நடத்திய நிதிகளை அங்கீகரித்து மானியம் கொடுத்தது. இன்றும் பல யூனியன்களும் அவற்றின் ஆ-கசேக்களும் ஒரே பெயரில், ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. சட்டப்படி இரண்டும் வேறு. இரண்டிலும் சேரவேண்டியதில்லை, விரும்பினால் ஒன்றில் மட்டும் சேரலாம். ஆனால் இதைப் புதிதாகச் சேருபவருக்குத் தெளிவாக எழுதிக் கொடுக்க நூறு வருடம் தாண்டியும் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மார்ச்சில் வரும் வருடாந்த வரிக்கணக்கைத் திறந்து பாருங்கள். சங்கச் சந்தா ஒரு வரிசையில், ஆ-கசே இன்னொரு வரிசையில் இருக்கும். இரண்டாவது வெறுமையாக இருந்தால் மனைவி காப்புறுதியில் இல்லை. மலிவான சந்தா என்று சேர்ந்திருந்தால் முதலாவது மட்டும் இருக்கலாம். இனிச் சேர்ந்தாலும் ஒரு வருட உறுப்புரிமை வேண்டும், கடந்த 3 வருட வருமானமும் பார்ப்பார்கள். கையில் வாங்கிய கறுப்புச் சம்பளம் அதில் சேராது.

காப்புறுதி இருந்தால் முன்னைய சம்பளத்தின் 90 வீதம், ஓர் உச்சவரம்புக்குள். முழுநேர அளவில் 3 வருட காலத்துக்குள் மொத்தம் 2 வருடம் வரை கிடைக்கும்.

வேலை எப்படி முடிகிறது என்பதுதான் முக்கியம். தானாக விலகினால் 3 வாரத்துக்குக் காசில்லை. முதலாளி "இருவரும் பேசி முடித்தோம்" என்று ஒரு தாள் நீட்டுவார். அதில் ஒப்பமிட்டால் அதுவும் தானாக விலகியதாகக் கொள்ளப்படலாம். ஒப்பமிடாவிட்டால் எப்படியும் நீக்கியிருப்பார் என்று முதலாளியே எழுத்தில் உறுதிப்படுத்தினால் நிலைமை வேறு. ஆகவே நீக்கல் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், மற்றத் தாளை ஒப்பமிட முன் ஆ-கசேக்குக் காட்டுங்கள். உடல்நலக் காரணமென்றால் விலகுவதற்கு முன்பே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். பிறகு எடுத்த கடிதத்துக்கு மதிப்புக் குறைவு.

அந்த 1,500 குரோனர்க்காரரை விடுங்கள். படிவம் ஆ-கசேயில் இலவசம், விளங்காவிட்டால் அவர்களிடமே உதவி கேட்கலாம். அவர் கேட்கப்போவது மனைவியின் மிட்ஐடி, அதாவது டென்மார்க்கின் இணைய அடையாளம். அது கையில் இருந்தால் வங்கி, வரி, கடன் எல்லாம் திறக்கும். கணவனான உங்களுக்குக்கூட அதைக் கொடுக்கக்கூடாது.

வேலையில்லாத முதல் நாளே அவ தன் மிட்ஐடியால் ஜொப்நெட் என்கிற அரசாங்க வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் வேலையில்லாதவராகப் பதிய வேண்டும். திங்கள் பதியாமல் வியாழன் பதிந்தால் இடையில் போன நாட்களுக்குக் காசு வராது.