பலாத்தோல் கரியில் மின்சாரம் தேக்கலாமா? கேள்வி பதில்

பழக்கழிவைத் துளை நிறைந்த கரியாக்கி, மின்சாரம் சேமிக்கும் கருவிகளில் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகள் இவை. கரியோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

செல்வி, பண்ருட்டி: பலாவில் சுளை எடுத்தது போக மிச்சமெல்லாம் குப்பைக்குத்தான் போகிறது. அதில் மின்சாரம் சேமிக்கலாம் என்கிறார்களே, நிஜமா சார்?

நிஜம்தான் அம்மா. 2020இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் கோம்ஸ் குழுவினர் பலா, துரியன் கழிவை வைத்தே சூப்பர் கெப்பாசிட்டருக்கு, அதாவது மின்சாரத்தைச் சட்டென்று வாங்கிச் சட்டென்று தரும் சேமிப்புக் கருவிக்கு, மின்முனை (மின்சாரம் தேங்கும் தகடு) செய்து காட்டினார்கள். பஞ்சு மாதிரி இருக்கும் பகுதியை அழுத்தக் கலனில் வேகவைத்து, உறைய வைத்து உலர்த்தி, பிறகு உலையில் கரியாக்கினார்கள். வெயிலில் காயப்போட்டால் கத்தரி வற்றல் போலச் சுருங்கித் துளைகள் ஒட்டிக்கொள்ளும். உறைய வைத்து உலர்த்தினால் தண்ணீர் மட்டும் போய், கூடு அப்படியே நிற்கும்.

கார்த்திக், மதுரை: துளைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

நல்ல கரி ஒரு கிராமின் உள்சுவர்களை விரித்துப் போட்டால் 2,000 சதுர மீட்டர் வரும், அதாவது கிட்டத்தட்ட அரை ஏக்கர். சூப்பர் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவத்தின் அயனிகள் (மின்னூட்டமுள்ள நுண்துகள்கள்) அந்தச் சுவரில் போய் ஒட்டி நிற்கும், பிறகு விலகும், அவ்வளவுதான். வேதிவினை இல்லாததால் லட்சக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். 1 நானோமீட்டருக்கும் சின்ன துளையில் எதிர்பார்த்ததைவிட அதிக மின்னூட்டம் தேங்குகிறது என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். அயனி தன்னைச் சுற்றி ஒட்டியிருக்கும் திரவ மூலக்கூறுகளைச் சட்டை மாதிரி கழற்றிவிட்டு உள்ளே நுழைகிறதாம்! ஆனால் சந்து மட்டும் இருந்தால் போதாது. மெயின் ரோடு மாதிரி கொஞ்சம் பெரிய துளையும் வேண்டும், இல்லாவிட்டால் வேகமாக ஏற்றி இறக்கும்போது அயனிகளுக்கு டிராஃபிக் ஜாம்.

இறுதியாண்டு மாணவர், கோவை: வாழைத்தோலில் புராஜெக்ட் செய்கிறேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து 800 டிகிரியில் சூடேற்றப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன அண்ணா?

முதலில் உயிர், அப்புறம் மார்க். அந்த வெப்பத்தில் ஹைட்ராக்சைடு கரியை அரித்துத்தான் துளை போடுகிறது. அந்த வினையில் ஹைட்ரஜன் வரும், தண்ணீர் பட்டாலே தீப்பற்றும் பொட்டாசியம் உலோகமும் வரும். காற்று உள்ளே வராமல் தடுக்கும் நைட்ரஜன் ஓட்டம் நிற்கக்கூடாது. ஒருமுறை அவசரத்தில் உலைக் குழாயை நேராகக் குழாயடியில் நீட்டினேன். படபடவென்று பொறி பறந்தது, புருவம் கருகியதோடு தப்பித்தேன். முழுக்க ஆறவிட்டு, ஆல்கஹாலைத் துளித்துளியாக விட்டு அடக்கிய பிறகுதான் தண்ணீர்; அதுவும் கைடு பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

வாழைத்தோலில் ஏற்கெனவே பொட்டாசியம் அதிகம், சாம்பலும் அதிகம். அமிலத்தில் நன்றாகக் கழுவு. மிச்ச உலோகம், குறிப்பாக இரும்பு, தங்கினால் ஏற்றிய சார்ஜ் தானாகக் கசியும்.

இன்னொன்று தம்பி. மூன்று மின்முனை அமைப்பில் (ஒரே ஒரு கரி மின்முனையை மட்டும் சோதிக்கும் முறை) கிராமுக்கு 300 ஃபாரட் (மின்னூட்டம் தேக்கும் திறனின் அளவு) வந்தது என்று துள்ளாதே. இரண்டு மின்முனையின் எடையையும் சேர்த்து முழு செல்லாகக் கணக்கிட்டால் அது 75தான். ஆய்வுக் கட்டுரைகளில் பெரிய எண்ணைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ரம்யா, சென்னை: எலுமிச்சைத் தோலை வீட்டு அடுப்பில் கரியாக்கலாமா?

காற்று பட்டால் சாம்பல்தான் மிஞ்சும். அதைவிடத் தோலைச் செடிக்குப் போடுங்கள்.

அன்வர், திருச்சி: இது வந்தால் போன் பேட்டரிக்கு வேலை இருக்காதா?

கணக்குப் போட்டுவிடுவோம். கடையில் கிடைக்கும் 3,000 ஃபாரட், 2.7 வோல்ட் செல் கிட்டத்தட்ட அரைக் கிலோ இருக்கும். அதில் நிற்கும் ஆற்றல் 3 வாட்-மணி. உங்கள் 5,000 மில்லியாம்பியர்-மணி போனில் இருப்பது 19. ஆக, அதற்கு ஈடாக ஆறு செல், மூன்று கிலோவைப் பையில் சுமக்கத் தயாரா? பிரேக் போடும்போது வரும் சக்தியைச் சில நொடியில் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் பஸ், டிராம் மாதிரி இடங்கள்தான் இதற்குச் சரி.

முருகேசன், கடலூர்: தொழிலாகச் செய்யலாமா?

100 கிலோ ஈரத்தோலில் 80 கிலோ தண்ணீர் என்று வையுங்கள். காய்ந்தால் 20. கரியானால் 6. துளை போட்டுக் கழுவி முடித்தால் 3 கிலோ கையில் நிற்கும். அந்த 80 கிலோ தண்ணீரை விரட்டும் செலவுதான் லாபத்தைத் தின்னும். தேங்காய்ச் சிரட்டையைப் பாருங்கள்: காய்ந்தது, கெட்டி, சாம்பல் குறைவு, வருடம் முழுக்கக் கிடைக்கும். இன்று விற்கும் சூப்பர் கெப்பாசிட்டர் கரியில் பெரும்பங்கு சிரட்டையிலிருந்து வருவது சும்மா இல்லை. ஜூஸ், சிப்ஸ் ஆலை பக்கத்தில் இருந்து, அங்கே வீணாகும் வெப்பத்தில் தோலைக் காயவைக்க முடிந்தால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.

தர்ஷினி, யாழ்ப்பாணம்: சோடியம் பேட்டரிக்கும் இதே கரிதானா?

இல்லை, கிட்டத்தட்ட நேரெதிர். லித்தியம் பேட்டரியில் இருக்கும் கிராஃபைட் கரியில் சோடியம் சரியாக நுழையாது, அதனால் கடினக் கரி (அடுக்குகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும் கரி) வேண்டும். ஜெர்மனியில் 2016இல் ஆப்பிள் கழிவிலிருந்து அதைச் செய்தார்கள். அங்கே திறந்த துளை அதிகமிருந்தால் முதல் சார்ஜிலேயே சோடியம் வீணாகும். அதனால் ஹைட்ராக்சைடு கலக்காமல், 1,000 டிகிரிக்கு மேலே ஏற்றித் துளைவாயை மூடுவார்கள். என்ன பழம் என்பதைவிட உலையில் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான்.