ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலரில் அனுப்புவது சரி, பெறும்போது எழுத்துகள் தொலைவது ஏன்?

9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) வேகத்தில் நீங்கள் அனுப்புபவை கணினியில் சரியாகத் தெரிய, கணினியிலிருந்து வருபவற்றில் மட்டும் சில எழுத்துகள் தொலைவதாகக் கேட்டிருக்கிறீர்கள். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்திற்கு பாட் வேகத்தை அமைக்கும் யூபிஆர்ஆர்0 பதிவகத்தில் நீங்கள் இட்ட 103 சரியானதே, பிழை 0.2 விழுக்காடுதான்.

கோளாறு உங்கள் நிரலின் மெயின் லூப்பில் நீங்கள் வைத்திருக்கும் 100 மில்லிவினாடி டிலேயில் (காத்திருப்பில்) இருக்கிறது. அனுப்பும்போது வேகத்தை உங்கள் நிரல் தீர்மானிக்கிறது. பெறும்போது எதிர்முனை தீர்மானிக்கிறது. தொடக்க பிட்டும் நிறுத்த பிட்டும் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 பிட் என்பதால், தொடர்ந்து வரும் தரவில் ஏறத்தாழ 1.04 மில்லிவினாடிக்கு ஓர் எழுத்து வந்து சேரும். வன்பொருளோ இரண்டை பஃபரிலும் (தற்காலிகச் சேமிப்பிடத்திலும்) மூன்றாவதை, பிட்டுகள் ஒவ்வொன்றாக வந்து சேரும் ஷிஃப்ட் பதிவகத்திலும் மட்டுமே தாங்கும். அதற்குள் வந்த எழுத்தைத் தரும் யூடிஆர்0 பதிவகத்தைப் படிக்காவிட்டால் அடுத்து வருபவை போய்விடும்.

ஆகவே பெறுதல் இன்டரப்டை (எழுத்து வந்ததும் மெயின் லூப்பை இடைநிறுத்தித் தானாக ஓடும் சிறு நிரலை) இயக்கி, அதற்குள் யூடிஆர்0-ஐப் படித்து மெயின் லூப் பிறகு எடுத்துக்கொள்ளும் ரிங் பஃபரில் (வட்டமாகச் சுற்றி நிரப்பப்படும் நினைவக வரிசையில்) இடுவதை மட்டும் செய்யுங்கள். பிரின்ட்எஃப் போன்ற நீண்ட வேலை எதுவும் அங்கே வேண்டாம். ரிங் பஃபருக்குப் பலர் வழக்கமாக வைக்கும் 64 பைட் இங்கே போதாது, ஏனெனில் அந்த டிலே முடிவதற்குள் 96 எழுத்துகள் வரை வரலாம், 128 வையுங்கள். அந்த பஃபரில் எழுதும் இடத்தையும் படிக்கும் இடத்தையும் காட்டும் குறியீட்டெண்களை வோலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்க வேண்டியவை) என அறிவித்து 8 பிட்டிலேயே வைத்திருப்பது முக்கியம்: 16 பிட் மாறியை இந்தச் சில்லு இரண்டு கட்டளைகளில் படிப்பதால், நடுவே இன்டரப்ட் வந்தால் பாதி பழைய, பாதி புதிய மதிப்பு கிடைக்கும்.