பாளையங்கோட்டையிலிருந்து துபாய்க்கு: பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி?

இங்கே கேட்கப்பட்டிருக்கும் கேள்வி இது: கணவருக்குத் துபாயில் வேலை உறுதியாகிவிட்டது, பாளையங்கோட்டையில் மெட்ரிக் பள்ளியில் படிக்கும் மகள் 7ஆம் வகுப்பையும் மகன் யு.கே.ஜி.யையும் இந்த ஆண்டோடு முடிக்கிறார்கள். அங்கே இந்தியப் பாடத்திட்டம், பிரிட்டிஷ் பாடத்திட்டம், ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) என்று மூன்று வகைப் பள்ளிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள், எதில் சேர்ப்பது?

துபாயில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் கணித ஆசிரியையாக இருந்துவிட்டு, இப்போது பாளையங்கோட்டைக்கே திரும்பிவிட்டேன். மேலப்பாளையம், கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வளைகுடா செல்லும் பல குடும்பங்கள் இதே கேள்வியோடு என்னிடம் வருவதுண்டு. எந்தப் பள்ளி சிறந்தது என்ற இடத்திலிருந்து தொடங்காதீர்கள் என்பதுதான் அவர்களிடமும் நான் சொல்வது. பிள்ளை 12ஆம் வகுப்பை முடித்தபின் எந்த நாட்டில் கல்லூரிக்குப் போகப்போகிறது, அதற்கு முன்பே ஊர் திரும்ப நேர்ந்தால் எந்த வகுப்பில் திரும்பும் என்ற இரண்டையும் கணவரோடு உட்கார்ந்து முதலில் பேசி முடியுங்கள். அது தெளிவானால் பார்க்க வேண்டிய பள்ளிகளின் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

பாளையங்கோட்டையில் நமக்கு இந்தச் சிரமம் இருந்ததில்லை. ஆச்சி சாராள் தக்கரில் படித்திருப்பார், மாமா சவேரியாரிலோ யோவானிலோ படித்திருப்பார். எந்தப் பள்ளியில் கண்டிப்பு அதிகம், எங்கே கணக்கு நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்பதெல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்துவிடும். துபாயில் அப்படி வழிவழியாக வந்த அறிவு நமக்குக் கிடையாது என்பதால், விளம்பரமும் உடன் வேலை பார்ப்பவர்களின் பேச்சும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சர்வதேசப் பள்ளி என்று பலகையில் எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிள்ளை கடைசியில் எந்த வாரியத்தின் தேர்வை எழுதப்போகிறது என்றே கேளுங்கள்.

உங்கள் மகளின் விஷயத்தில் நான் உறுதியாகவே சொல்வேன். அவள் தமிழ்நாட்டில் மருத்துவமோ பொறியியலோ படிக்க வேண்டும் என்று வீட்டில் எண்ணம் இருந்தால், சி.பி.எஸ்.இ. பள்ளியே பொருத்தம். 8ஆம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு, அடுத்த ஆண்டே 9ஆம் வகுப்பு வந்துவிடுகிறது. சி.பி.எஸ்.இ.யில் 9, 10 இரண்டும் சேர்ந்து ஒரே தொடராகக் கருதப்படுவதாலும், 10ஆம் வகுப்பிலோ 12ஆம் வகுப்பிலோ புதிதாக நேரடிச் சேர்க்கை பெறுவதற்குக் கட்டுப்பாடுகள் இருப்பதாலும், பாடத்திட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் இதுதான் ஏற்ற நேரம். இடையில் ஊருக்கு வர நேர்ந்தாலும், திருநெல்வேலியில் உள்ள சி.பி.எஸ்.இ. பள்ளியில் அதே புத்தகத்தோடு தொடரலாம். பிரிட்டிஷ் பள்ளியில் நம் 8ஆம் வகுப்புக்கு இணையானது 9ஆம் ஆண்டு. நம் 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு போன்ற ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கான பாடங்களைப் பெரும்பாலும் அந்த ஆண்டில்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். புது நாட்டில், புது வகுப்பில், யாரையும் தெரியாமல் நிற்கும் பெண் பிள்ளையிடம் சில மாதங்களுக்குள் இயற்பியல் வேண்டுமா, உயிரியல் வேண்டுமா என்று கேட்பது சரியாகாது என்பது என் எண்ணம்.

ஐ.பி.யைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பெயருக்கு இன்று பெரிய மயக்கம் இருக்கிறது. 1968இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, நாடு விட்டு நாடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும் என்பதற்காக உருவானது. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான அதன் பட்டயப் படிப்பு உண்மையிலேயே உயர்ந்த தரமுடையது. 6 பாடங்களோடு நீண்ட ஆய்வுக் கட்டுரையும் எழுதி, மொத்தம் 45 புள்ளிகளுக்கு மதிப்பிடப்படும் பிள்ளை எழுதவும் சிந்திக்கவும் நன்றாகத் தேறிவிடும். ஆனால் அந்த 6 பாடங்களை வெவ்வேறு பிரிவுகளிலிருந்து எடுக்க வேண்டும் என்பதால், வழக்கமான முறையில் அறிவியல் பாடங்கள் இரண்டுதான் அமையும். நீட் தகுதிக்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுமே வேண்டும். மூன்றையும் படிக்கச் சிறப்பு அனுமதி வழி ஒன்று இருக்கிறது. அதைப் பள்ளிதான் முன்கூட்டியே ஏற்பாடு செய்து தர வேண்டும். மேலும், மே மாதம் எழுதும் ஐ.பி. தேர்வின் முடிவுகள் ஜூலைத் தொடக்கத்திலும், நம் 12ஆம் வகுப்புக்கு இணையான பிரிட்டிஷ் ஏ லெவல் தேர்வின் முடிவுகள் ஆகஸ்ட் நடுவிலும் வருகின்றன. நம் பொறியியல் கலந்தாய்வு அதற்காகக் காத்திருப்பதில்லை. பிள்ளை லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ படிக்கப் போகும் என்றால் இவற்றில் எதுவுமே குறையல்ல, அப்போது ஐ.பி.யும் ஏ லெவலும்தான் நல்ல வழி.

இந்தியாவுக்கே திரும்புவது என்றாலும், வெளிநாட்டில் படித்ததால் மகளுக்குச் சில கதவுகள் திறக்கும். 11, 12ஆம் வகுப்புகளை அங்கே படித்து அங்கேயே தேர்வெழுதிய பிள்ளைகள் வெளிநாட்டில் படித்தோருக்கான தாசா (DASA) சேர்க்கைத் திட்டத்தின் வழியாக என்.ஐ.டி.களுக்கு விண்ணப்பிக்கலாம், வளைகுடாவில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்கு அதில் தனிப் பிரிவும் உண்டு, அண்ணா பல்கலைக்கழகத்திலும் அவர்களுக்கெனத் தனி இடங்கள் உண்டு. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க, வெளியே படித்த பிள்ளைக்குப் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள்.

மகனுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். சின்ன வகுப்புகளில் எந்தப் பாடத்திட்டத்தில் இருந்தாலும் பிறகு மாற்றிக்கொள்ள முடியும். ஆனாலும் இருவரையும் ஒரே பள்ளியில் சேர்ப்பதையே நான் விரும்புவேன். இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் ஆண்டைத் தொடங்குகின்றன, பிரிட்டிஷ் பள்ளிகள் செப்டம்பரில். தேர்வும் புது வகுப்பும் ஒரு பிள்ளைக்கு ஒரு காலத்திலும் இன்னொரு பிள்ளைக்கு வேறு காலத்திலும் வந்தால், குடும்பம் ஆண்டு முழுவதும் அலைந்துகொண்டிருக்கும்.

பள்ளியின் தரத்தை அறிய, துபாய் அரசின் கல்வி அமைப்பான கே.எச்.டி.ஏ. வெளியிட்டிருக்கும் ஆய்வறிக்கைகளைப் படியுங்கள். மிகச் சிறப்பு, மிக நன்று, நன்று என்று வரும் தரநிலையோடு நிறுத்திவிடாமல், ஆசிரியர்கள் எத்தனை பேர், ஆண்டுதோறும் எவ்வளவு பேர் விலகிச் செல்கிறார்கள் என்ற விவரத்தையும் பாருங்கள். ஆசிரியர்கள் நிலைத்திருக்கும் பள்ளி எனக்குப் பெரிய கட்டடத்தைவிட முக்கியம். வாடகை குறைவு என்று ஷார்ஜாவில் வீடு பார்த்தீர்களானால், அங்கே உள்ள பள்ளிகள் வேறு அமைப்பின் கீழ் வருகின்றன என்பதையும், ஷார்ஜாவிலிருந்து துபாய்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளை விடியும் முன்பே பேருந்தில் ஏற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நேரில் போகும்போது, நீச்சல் குளத்தைக் காட்டி முடித்த பிறகு, 4ஆம் வகுப்பு நோட்டுகளில் மூன்று நான்கைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே பதில் எழுத்து மாறாமல் இருந்தால், அங்கே கரும்பலகையைப் பார்த்து எழுதுவதுதான் படிப்பு. ஒரு பிள்ளையின் தவறுக்குப் பக்கத்தில் ஆசிரியர் இரண்டு வரி எழுதி, அடுத்த பக்கத்தில் பிள்ளை அதைத் திருத்தி எழுதியிருந்தால், அந்தப் பள்ளியில் யாரோ உண்மையாக உழைக்கிறார்கள். நான் வகுப்பில் இருந்த காலத்தில் பெற்றோர் யாரும் இதைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

கட்டணத்தில் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: நிறுவனம் தரும் கல்விப்படி நின்றுவிட்டாலும், உங்கள் சம்பளத்திலிருந்து அந்த ஆண்டை முடிக்க முடியுமா? ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். வகுப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். பேருந்து, சீருடை, தேர்வுக் கட்டணம் தனி. கல்விப்படி ஒரு பிள்ளைக்கா, இரண்டு பிள்ளைகளுக்குமா, எவ்வளவு வரை என்பதை வேலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

மொழியைப் பற்றி நான் மிகவும் வற்புறுத்துவேன். நம் மெட்ரிக் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் படித்த பிள்ளை, அங்கே போனதும் 8ஆம் வகுப்பு இந்தியை எதிர்கொண்டு திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அரபியும் 9ஆம் வகுப்பு வரை கட்டாயம். ஆகவே இரண்டாம் மொழியாகத் தமிழ் உண்டா, அதற்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்று சேர்க்கைக்கு முன்பே கேளுங்கள். இல்லையென்றால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ் படிப்பை வீட்டிலிருந்தே மகனுக்குத் தொடங்கிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த என் மாணவன் ஒருவன், பாளை பேருந்து நிலையத்தில் பலகையைப் பார்த்து, பா, ப, நா என்று எழுத்துக்கூட்டி நிற்பதற்குள் பாபநாசம் பேருந்து கிளம்பிவிட்டது. கணக்கில் அவன் வகுப்பிலேயே முதல்வன். குற்றாலச் சாரலுக்கும் ஆச்சி வீட்டுக்கும் வருகிற பிள்ளைக்குத் தன் ஊரின் பலகையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

கிளம்பும் முன் சான்றிதழ்களைச் சரிபாருங்கள். பள்ளிப் பதிவேட்டில் முன்னெழுத்தோடும் கடவுச்சீட்டில் தந்தை பெயரை விரித்தும் எழுதியிருப்பது நம் பக்கத்தில் வழக்கம். மாற்றுச் சான்றிதழிலும் பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒன்றுபோல இருக்கும்படி இப்போதே திருத்திவிடுங்கள். மகளின் மாற்றுச் சான்றிதழில் மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பம் வாங்க வேண்டியிருக்கும். சான்றிதழ் உண்மையானது என்று நம் வெளியுறவு அமைச்சகம் இடும், ஓமனுக்கும் பஹ்ரைனுக்கும் செல்லுபடியாகும் அப்போஸ்டில் முத்திரை ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போதாது. தூதரகச் சான்றொப்பம் தேவைப்படும் என்பதால், மகளின் வகுப்புக்கு எவையெல்லாம் வேண்டும் என்று சேரப்போகும் பள்ளியிடமே மின்னஞ்சலில் எழுதிக் கேட்டு, அங்கே இடம் உறுதியான பிறகே இங்கே மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.