மாரியில் வேனுக்குள் தங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டொல்பின் வேனின் பின் சீற்றுகளைக் கழற்றிப் படுக்கை போட்டிருக்கிறோம். கார்த்திகையில் பாசிக்குடாவில் ஓர் இரவு தங்கினோம். மழை ஒழுகவில்லை, ஆனால் விடிய மெத்தை ஈரம். சீசன் முடிந்த அறுகம்பேக்குப் போக ஆசை, என்ன செய்யலாம்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அது உங்கள் மூச்சு. இரண்டு பேர் படுத்தால் ஓர் இரவில் அரை லீற்றருக்குக் குறையாத நீராவி வெளியேறும். மழையில் குளிர்ந்த தகரத்தில் பட்டதும் அது துளியாகி மெத்தைக்கு இறங்குகிறது. மழைக்குப் பயந்து கண்ணாடிகளை முழுதாக ஏற்றுவதுதான் பிழை. எதிரெதிர்க் கண்ணாடிகளில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, மேலே மழைத்தடுப்பும் உள்ளே நுளம்பு வலையும் போடுங்கள். பின்பக்கம் ஒரு 12 வோல்ட் ஃபான் காற்றை வெளியே தள்ளட்டும். மெத்தையைத் தரையில் போடாமல் இடைவெளி விட்ட சலாகைகளில் வையுங்கள்.

சமையல் வெளியே, தறப்பாளின் கீழ். வாயு எரிந்தாலும் நீராவிதான். கரியடுப்பை உள்ளே வைத்தால் மணமில்லாத கார்பன் மொனொக்சைட் ஆளையே கொன்றுவிடும். தறப்பாளின் ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டுங்கள். ஒரு சதுர மீற்றரில் பத்துச் சென்ரிமீற்றர் தண்ணீர் தேங்கினாலே 100 கிலோ, கயிறு அறும்.

கதவுகளின் அடி விளிம்பில் சிறு துளைகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கடல் மணல் அவற்றை அடைத்தால் கதவுக்குள் உப்புத்தண்ணீர் நிற்கும், துரு உள்ளிருந்து தொடங்கும். ஈர்க்கால் குத்தி, நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

மார்கழியைத் தவிருங்கள். மாசி, பங்குனிதான் சரி: மழை தணிந்திருக்கும், அலைச்சறுக்குக் கூட்டமோ சித்திரைக்குப் பிறகுதான் வரும். பொத்துவில் களப்பில் வலசைப் பறவைகளை ஆறுதலாகப் பார்க்கலாம். களப்புக்கரைப் புல்லில் மட்டும் நிறுத்தாதீர்கள். பகலில் இறுக்கமாகத் தெரியும் களி, ஒரு மழைக்குச் சில்லை விழுங்கிவிடும். பாணமைப் பக்கம் போனால் வாழைப்பழத்தை வேனுக்குள் வைத்துத் தூங்க வேண்டாம், யானைக்கு மணம் போதும்.

கேள்வி: 100 ஆம்பியர்-மணி ஈய பற்றரியும் 100 வாட் சோலாரும் மழை நாளில் போதுமா?
– வாசகர், காரைதீவு

பதில்: ஃபான் 9, விளக்கு 2, போன்கள் 3, ஓர் இரவுக்கு 14 ஆம்பியர்-மணி. ஈய பற்றரியில் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது, ஆகவே மூன்று இரவு தாங்கும். வெயில் நாளில் 25 தரும் சோலார், மாரி மூட்டத்தில் ஐந்து தந்தாலே பெரிய விஷயம். நம்பவேண்டியது எஞ்சினைத்தான்: வேன் பற்றரிக்கும் இதற்கும் இடையே, எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைக்கும் ரிலே, இரு முனையிலும் பியூஸ். ரிலே இல்லாவிட்டால் காலையில் வேன் ஸ்டார்ட் ஆகாது. ரைஸ் குக்கர் ஆசை வேண்டாம். 500 வாட்டுக்கு 45 ஆம்பியர் இழுக்கும்.

கேள்வி: கனடாவில் அண்ணா பனிக்காலத்திலும் ட்ரெய்லரில் முகாம் போகிறார். குழாய்த் தண்ணீர் உறையாதா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: உறையும். உறைந்தால் ஒன்பது வீதம் பருத்துக் குழாயை வெடிக்க வைக்கும், பனி உருகும்போதுதான் ஒழுக்கே தெரியும். அதனால் தாங்கியையும் சுடுநீர்க் கொதிகலனையும் வடித்துவிட்டு, கொதிகலனுக்குப் போகும் வழியை அடைத்து, ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை உறைதடுப்புத் திரவத்தை பம்பால் ஓட்டுவார்கள். அது புரொப்பிலீன் கிளைகோல். கார் ரேடியேற்றரில் ஊற்றும் எதிலீன் கிளைகோல் விஷம், இங்கே ஆகாது. குடிக்கவும் சமைக்கவும் கானில் தண்ணீர் கொண்டு போவார்கள்.